காய்ச்சல் சான்றிதழ்

அந்தப் புதன்கிழமை அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலுக்கு முதுகு காட்டி நான், உஷாராணி, நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்ட பிள்ளைகளுக்கு ஆலோசகர். மேசைக்கு எதிரே சிந்து, பதினேழு வயது. கதவோரம், மடியில் ஃபைலோடு, அவள் அப்பா செந்தில்குமார். வராந்தா பெஞ்சில் நன்னடத்தை அலுவலர் ஆரிப் காத்திருந்தார். ஐந்து மணிக்குள் என் அறிக்கையை அவர் சிறார் நீதிக் குழுமத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

சிந்து செய்தது இது. சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டினாள். பின்னால் இருந்த தோழி, வசுமதி என்ற அம்மாளின் பையைப் பிடுங்கினாள். அந்த அம்மாள் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. குழுமம் சிந்துவை வீட்டுக்கு அனுப்பியபோது இரண்டு நிபந்தனை போட்டது. புதன்தோறும் நாலு மணிக்கு என்னிடம் வர வேண்டும். வசுமதி அம்மாளை நெருங்கவே கூடாது. மீறினால் காப்பகம்.

கடந்த இரண்டு புதனும் அவள் வரவில்லை.

செந்தில்குமார் ஒரு தாளை நீட்டினார். வைரல் காய்ச்சல், பதினைந்து நாள் ஓய்வு, டாக்டர் முத்திரை.

“ஆபீஸ்ல இருவத்திரண்டு வருசமா லீவு செக்‌ஷன் பாக்கேன், மேடம். சர்டிபிகேட் இல்லாம ஒரு ஆப்சென்ட்டக்கூட நான் ரெகுலரைஸ் பண்ணுனது கெடையாது. ரெண்டு காப்பி வச்சிருக்கேன்.”

“எத்தனை நாள் காய்ச்சல், சிந்து?” என்று கேட்டேன்.

“காய்ச்சலே இல்ல, மேம்.”

“ஏட்டி!”

“அப்பாவுக்கு நான் ஒரு ஃபைல், மேம். குளோஸ் ஆனா போதும்.”

“ஃபைலுக்காவ எவனாவது சாப்பிடாமக் கெடப்பானாட்டி?”

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் சான்றிதழை மேசையில் வைத்துவிட்டுப் பேனாவை மூடினேன். அவசரப்படுத்தினால் பேசமாட்டாள் என்பது மூன்று மாதத்தில் எனக்குத் தெரிந்திருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போனேன்,” என்றாள். “அந்த ஆன்ட்டிக்கு புதன் நாலு மணிக்கு பிசியோதெரபின்னு கோர்ட்ல வக்கீல் சொன்னாருல்ல. கை சரியாச்சான்னு பாக்கத்தான். தூரத்து பெஞ்ச்ல, மாஸ்க் போட்டு. முதல் வாரம் ரப்பர் பந்தை அமுக்கவே முடியல அவங்களால. போன வாரம் அமுக்கினாங்க. பந்து உருண்டு என் கால்கிட்ட வந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். என்னை யாருன்னு தெரியல. ‘ஜீத்தி ரஹோ பேட்டா’ன்னாங்க. நல்லா இருன்னு சொல்றாங்க, மேம். எனக்கு!”

செந்தில்குமார் எழுந்துவிட்டார். “மேடம், தூரத்துல இருந்து பாத்தான்னு மட்டும் போடலாமா? பந்து எடுத்துக் குடுத்தது வேண்டாமே.”

“அப்பா, அதுதான் நடந்துச்சு.”

நான் இருவருக்கும் விளக்கினேன். நடந்ததை எழுதினால் நிபந்தனையை மீறியதாகும். காப்பகத்துக்கே அனுப்பினாலும் அனுப்பலாம். பொய்ச் சான்றிதழை நான் அனுப்பமாட்டேன். ஆனால் நடந்ததோடு என் கருத்தையும் சேர்த்து எழுதலாம். அதைக் குழுமம் படிக்கும். படித்து என்ன செய்யும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

“எழுதுங்க, மேம். பந்தும்தான்.”

செந்தில்குமார் என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். சான்றிதழைத் திரும்பப் பெறுவதாக விண்ணப்பம். பொருள், பார்வை எல்லாம் மளமளவென்று வந்தன. காரணம் என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்து, ‘மகளை அழைத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சிந்து எட்டிப் பார்த்தாள். இந்தியில் படித்து வளர்ந்தவள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். படித்து முடித்ததும் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“சாப்பிடாமயா இருந்தீங்க? டிபன் பாக்ஸ் காலியாத்தானே வந்துச்சு?”

“காக்காய்க்குப் போட்டேன்.”

“பாகல்! பைத்தியக்கார அப்பா!” என்று அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

நான் எழுதினேன். இரண்டு புதன், நேரம், பெஞ்சு, பந்து, அந்த அம்மாள் சொன்ன வார்த்தை. கடைசிப் பத்தியில் என் கருத்து: யாரும் வற்புறுத்தாமலே இவள் உண்மையைச் சொன்னாள், கண்காணிப்பு வீட்டிலேயே தொடரட்டும், வசுமதி அம்மாள் சம்மதித்தால், என் முன்னிலையில், முகத்தை மறைக்காமல் சந்திக்க அனுமதி வேண்டும். இந்தியில் வாசித்துக் காட்டினேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அப்பாவின் தமிழ் விண்ணப்பத்தை என் மொழிபெயர்ப்போடு அடியில் வைத்து, மடித்து, உறையில் போட்டுப் பசை தடவி ஒட்டினேன். ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தினேன். நாலு ஐம்பதுக்கு ஆரிப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, உறையை வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.