காலியாகத் திரும்பும் பாத்திரம்

விண்ணப்பத்தை அனுப்ப இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. அதில் ஒரு பத்தி மட்டும் எழுதப்படாமல் கிடந்தது.

குடும்பம் உடல்நலத்தை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்பவர்களுக்கு ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை பணம் தரத் தயாராக இருந்தது. கானாவின் தலைநகரான அக்ராவின் மற்ற பகுதிகளைவிட இந்தக் கடலோரப் பழைய தெருக்களில் மட்டும் ஏன் இத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் என்று எசினாம் டாக்டர் பல வருடமாகக் கேட்டு வருகிறார். கேட்பதற்கு அவரிடம் இருந்தவை சுகாதார நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை, இரண்டு மேசைகள், உதவிக்கு ஒடார்லி. பணம் வந்தால் மூன்றும் இருக்கும். வராவிட்டால் மாதக் கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

முன்னோட்டமாக நாற்பது பெண்களை உப்பைக் குறைத்துச் சமைக்கச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமைதோறும் ஒடார்லி போய் உப்பு டப்பாவை நிறுப்பாள். சட்டியிலிருந்து ஒரு கரண்டி குழம்பு எடுத்து வருவாள். மூன்று மாதத்தில் மனைவிகளுக்கு அழுத்தம் நன்றாக இறங்கியது. அதே சட்டிக் குழம்பைச் சாப்பிட்ட கணவர்களுக்கு இம்மிகூட இறங்கவில்லை. சிலருக்கு ஏறியிருந்தது. ஏறியவர்களில் முதல் ஆள் ஒடார்லியின் அப்பா அயிட்டே.

“அப்ப வேற எங்கேயோ சாப்பிடறாங்க. வேற என்ன?” என்றார் எசினாம். சுட்ட வாழைப்பழத்தை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை ஒடார்லி பக்கம் தள்ளினார். “ஒரு ஆம்பளையாவது ஒத்துக்கிட்டா எழுதிடலாம். உங்கப்பாவைக் கேளேன்.”

“அவரையா?”

“நாற்பது வீட்டுல கேட்டவதானே நீ?”

நாற்பது வீட்டில் கேட்டபோது கையில் படிவம் இருந்தது. படிவத்தைக் குனிந்து பார்த்தபடி யாரிடமும் எதையும் அவளால் கேட்டுவிட முடியும். அப்பாவிடம் படிவத்தோடு போக முடியாது. கேள்வியும் லேசானதல்ல. கல்யாணமானவர் இன்னொருத்தி கைச்சமையலைச் சாப்பிடுகிறார் என்றால் அந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடை என்று சொன்னாலும் தப்பிக்க முடியாது. கடையிலும் ஒருத்திதானே சமைக்கிறாள்?

அந்தத் தெருக்களின் வழக்கப்படி அம்மா சோச்சோ, தன் அம்மா வழிப் பெண்களோடு ஒரு வளவில் இருந்தாள். அப்பா இரண்டு தெரு தள்ளி, அண்ணன் தம்பிகளோடு ஆண்கள் வளவில். முப்பத்தொரு வருடமாக அப்படித்தான். சாயங்காலம் அம்மாவின் சாப்பாடு, சோள மடலில் சுற்றி வேகவைத்த கென்கி உருண்டையும் குழம்பும், அப்பாவிடம் போகும். பாத்திரம் காலியாகத் திரும்பி வரும். அது வரும் நேரத்தில் மற்ற பெண்கள் முற்றத்தில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வார்கள். யார் பாத்திரம் எப்படி வருகிறது என்று யாருக்கும் தெரியாமல் போனதில்லை.

அன்று சாப்பாட்டை எடுத்துப்போக ஒடார்லி முன்வந்தாள்.

“டிகிரி வாங்கினவ கென்கியும் குழம்பும் சுமக்கப் போறாளா?” என்றாள் அம்மா.

“சுமந்தா டிகிரி சிந்திடுமா?”

“டிகிரி சிந்தினா பரவாயில்ல. குழம்பு சிந்தாம போ.”

ஆண்கள் வளவில் சித்தப்பா அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். “ஊசிக்காரி வந்துட்டா! கையை ஒளிச்சு வைங்கடா!”

“இன்னைக்கு ஊசி இல்ல சித்தப்பா. குழம்புதான்.”

“உங்க குழம்புக்கு ஊசியே தேவலை. அதுவாவது சுருக்குன்னு இருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. படகு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பாத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கினார்.

“அப்பா, உங்க அழுத்தம் இறங்கவே இல்ல.”

“பிடிவாதக்கார ரத்தம். உங்க பாட்டன் கொடுத்தது.”

“கேலி வேணாம்ப்பா. பெரியப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துதே, அது மாதிரி ஆயிடும்.”

அவர் பிரித்துப் போட்டிருந்த மோட்டாரைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள். “வெளியில எங்கயாவது சாப்பிடறீங்களா?”

“இல்லைன்னு சொன்னா?”

“அப்ப காரணம் தெரியலைன்னு எழுதணும். பணம் வராது. எனக்கும் வேலை இருக்காது.”

“ஆமான்னு சொன்னா?”

“எழுதி அனுப்பிடலாம்.”

அவர் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தார். “அப்ப எழுதிக்கோ கண்ணு. சாப்பிடறேன். கடற்கரைல ஒரு கடை.”

“யார் கடைப்பா?”

“அதெல்லாமா எழுதுவீங்க?” என்றார் அவசரமாக. “அம்மா காதுக்கு மட்டும் போக வேணாம்.”

தெருமுனை வரை கூடவே வந்தார். அவள் பள்ளிக்கூடம் போன நாட்களுக்குப் பிறகு அவர் அப்படி வந்ததில்லை. வெட்கத்தில் வருகிறார் என்று அவள் நினைத்தாள்.

அம்மாவின் அறையில் உட்கார்ந்து மடிக்கணினியில் அந்தப் பத்தியை எழுதினாள். எழுதி முடித்தும் சந்தோஷம் வரவில்லை. அப்பா சாப்பிடும் கடையை நினைத்தாள். அதைச் சமைக்கிறவளை நினைத்தாள்.

“என்ன சொன்னார் உங்கப்பா?” என்று கேட்டபடி அம்மா உள்ளே வந்தாள்.

ஒடார்லிக்குப் பொய் சொல்ல வராது. கணினியை மூடினாள். அதுவே பதில் சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

“திற. திறந்து எனக்குப் புரியற மாதிரி படி.”

“கணவர்கள் வீட்டுச் சாப்பாட்டோட வெளியிலயும் சாப்பிடறாங்க. ஒருத்தர் அதை ஒத்துக்கிட்டார்.”

“யாருடி அந்த ஒருத்தர்?”

ஒடார்லி நகத்தைப் பார்த்தாள்.

“உங்கப்பனா? எங்க சாப்பிடறாராம்?”

“கடற்கரைல… ஒரு கடை.”

அம்மா கத்துவாள் என்று காத்திருந்தாள். அம்மா மேல்துணி முனையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

“அந்த மனுஷனுக்கு ஒரு பொய்கூட ஒழுங்கா வராது. கடற்கரைக் கடையெல்லாம் இடிச்சுத் தள்ளி எத்தனை மாசமாச்சு! யாரைக் காப்பாத்தறதுக்கு இப்படித் தன் பேரைக் கெடுத்துக்கறார் பாரு. அழிச்சிடு அதை.”

“அழிச்சிட்டு என்ன எழுதறதும்மா?”

அம்மா கதவைச் சாத்தப் போனாள். பாதியில் நின்று, அதை நன்றாகத் திறந்துவிட்டாள். முற்றத்தில் இருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“நீ உப்பைக் குறைக்கச் சொன்ன மூணாம் நாள், பாத்திரம் நிறைய குழம்போட திரும்பி வந்துதுடி. கல்யாணமானதுலேர்ந்து அதான் முதல் தடவை. இந்த வளவே பாத்துச்சு. யாரும் ஒரு வார்த்தை சொல்லல, அதான் எனக்கு ஆறவே இல்ல. அப்புறம் ஒரு நாளும் அப்படி வரல. ஏன் வரலைன்னு நீ கேட்டியா?”

“கேட்கலம்மா.”

அம்மா முற்றத்தைப் பார்த்தபடி, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

“கென்கியோட மடலுக்குள்ள பொரிச்ச கருவாடு ஒளிச்சு வெச்சு அனுப்பறேன். தினமும். நான் மட்டுமில்ல, இங்க இருக்கற அத்தனை பேரும்தான்.”