ஜொலோனின் வாயை மூடுவது

1

பாஸ்போர்ட் படத்துக்காக உட்கார்ந்திருந்தபோது கிடைத்த கதை இது. காரகோல் நகரச் சந்தைக்குப் பின்னால் சைகாலின் போட்டோ ஸ்டூடியோ. முகவாயை நிமிர்த்திவைத்த என்னை அப்படியே விட்டுவிட்டு அவள் முன்னறைக்குப் போனாள். இருபது வருஷம் தொடர்கதை எழுதியவன் காது, சும்மா இருக்குமா?

முதல் வரி: ‘கதவு படீரென்று திறந்தது. வாசலில், கையில்...’

வேண்டாம். கதவு மெதுவாகத்தான் திறந்தது. சைகால் அதைவிட மெதுவாக எழுந்தாள். இந்த மாதத்தில் இது பதினோராவது வாய்.

2

விளக்குகிறேன். சைகாலின் வேலை இரண்டு வகை. கூலிக்கு: பாஸ்போர்ட், கல்யாணம், கல்லறைக் கல். கறுப்புக் கல்லில் செதுக்க வேண்டிய முகத்தை அவள்தான் கணினியில் தயார் செய்வாள். பனியனோடு இருப்பவனுக்குக் கோட்டு மாட்டுவாள். மொட்டைத் தலைக்குக் கல்பாக் தொப்பி வைப்பாள். சிரிக்கிற வாயை மூடுவாள். கல்லில் பல் தெரிந்தால் ஊர் முகம் சுளிக்கும்.

தனக்காக எடுப்பது ஒன்றே ஒன்றுதான். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகிறவர்களை, பஸ் ஏறுகிற நிமிஷத்தில். மூன்று வருஷமாக.

(ஒருமுறை, செத்ததாகச் சேதி வந்தவனின் வாயை மூடிக் கொடுத்தாள். கல் வந்த மறுவாரம் ஆளே வந்துவிட்டான். இப்போது அந்தக் கல் அவன் தொழுவத்தில் கிடக்கிறது. மேலே உப்பு போடுகிறான். ஆடுகள் அவன் முகத்தை நக்குகின்றன. எந்தப் பத்திரிகை ஆசிரியரும் நம்பமாட்டார், எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.)

3

வந்தவர்கள் மாமியாரும் மருமகளும்: பூபாய்ஷா, புருல்சா. புருல்சாவின் கணவன் ஜொலோன் சைபீரியாவில் லாரியோடு உறைந்த ஆற்றுக்குள் போய்விட்டான் என்று போன வருஷம் சேதி. உடல் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை வருஷ நினைவு விருந்து. அதற்குள் கல் நிற்க வேண்டும். அவனுக்கு உருப்படியான படம் சைகாலின் பஸ் படம்தான். அதில் வாய் நிறையச் சிரிப்பு.

"மூடிக் குடு பொண்ணே," என்றாள் பூபாய்ஷா. "எம் மகன் என்ன சர்க்கஸ்காரனா, கல்லுல நின்னு இளிக்கிறதுக்கு? விருந்துக்கு அறுக்கக் குதிரை வாங்கியாச்சு, முந்நூறு பேர் வர்றாங்க."

"உங்களுக்கு வர்றவங்க கவலை அத்தை."

"உனக்கு என்னடி கவலை?"

"வாயை மூடிட்டா, அவர் செத்துட்டார்னு நானும் ஒத்துக்கிட்ட மாதிரி."

"திறந்து வெச்சா வந்துருவானா?"

புருல்சா சைகால் பக்கம் திரும்பினாள். "அக்கா, இதுல அவர் ஏதோ சொல்லிட்டிருக்கார். என்ன சொன்னார்?"

சைகாலுக்கு ஞாபகமில்லை. அன்று நாற்பது பேரை எடுத்திருந்தாள்.

4

இங்கே கைவசம் இரண்டு முடிவுகள். ஒன்று: ‘கண்டிப்பா திரும்பி வருவேன்னு சொன்னாரு’ என்கிறாள் சைகால், வாசகர் கண்ணைத் துடைக்கிறார். இரண்டு: போன் அடிக்கிறது, ரஷ்ய எண், மறுமுனையில் ஒரு இருமல். இதை ஐந்து தொடர்களில் வைத்துவிட்டேன். எனக்கே அலுத்துவிட்டது.

நடந்தது இது. சைகால் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"‘சீக்கிரம் எடுங்கக்கா, ஒண்ணுக்கு முட்டுது’ன்னாரு."

முதலில் சிரித்தது பூபாய்ஷாதான். "அவனேதான்! கல்யாணத்தன்னிக்கும் இதையேதான் சொன்னான்!" சிரித்தபடியே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு வேறு என்னவோ ஆயிற்று. தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"இவளே சொல்லட்டும். மூடணும்னா மூடு. வேண்டாம்னா, ஊர் பேசறதை நான் பாத்துக்கறேன்."

"யோசிச்சுக்கோ," என்று புருல்சாவிடம் சொல்லிவிட்டு சைகால் என்னிடம் திரும்பி வந்தாள்.

"நெஜமாவே ஞாபகம் வந்துச்சா, இல்ல அடிச்சு விட்டீங்களா?" என்று கிசுகிசுத்தேன்.

"வாயை மூடுங்க சார். பாஸ்போர்ட்டுக்குப் பல்லு தெரியக்கூடாது."

மூடினேன்.

5

‘முன்னறையில் புருல்சா எழுந்து...’

இந்த வரியை ஒன்பது முறை எழுதி ஒன்பது முறையும் அடித்துவிட்டேன். என் படம் வந்தது, வாங்கிக்கொண்டு வெளியேறினேன். அப்போதும் அவள் கணினித் திரையில் இருந்த ஜொலோனுக்கு முன்னால்தான் நின்றிருந்தாள். அவளுக்குப் பதிலாக நான் பேசமாட்டேன். மூடு என்றோ வேண்டாம் என்றோ நீங்கள் சொல்லுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.