அம்மாக்கண்ணுவின் கைக்குப் போன சூடு

லிந்துலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்துப் பாடசாலையில், 2002ஆம் ஆண்டு தொடக்கம், கணினியின் சூடு காற்றில் கலக்கவில்லை. அதை வாங்கிக்கொள்ளும் உலோகத் துண்டு எதிலிருந்து அறுத்ததோ, அதன் மிச்சம் எங்கே இருந்ததோ அங்கே போய்ச் சேர்ந்தது. தோட்டத்தில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. அந்த வருடம் மழை விடவேயில்லை, கொழுந்தும் குவிந்துகொண்டிருந்தது, பேச யாருக்கு நேரம்.

கணினி, கொழும்பில் யாரோ பாவித்து அலுத்த பின் அனுப்பியது. விசிறியும் சூட்டை உறிஞ்சும் உலோகக் கட்டியும் வழியிலேயே உடைந்துபோயின. போட்டால் பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். கணக்கு வாத்தியார் ஜெயரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், அதைத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கும் சின்னராசாவிடம் கொண்டுபோனார். சின்னராசா இருபத்தாறு வருடம் தூள் காயவைக்கும் அடுப்போடு மாரடித்தவர். சூடு என்றால் இரும்பு என்றுதான் அவருக்குத் தெரியும். அடுப்புக் கதவில் ஒரு துண்டை அறுத்துப் பொருத்தினார். கணினி ஏழு நிமிடத்தில் அணைந்தது. அதற்குள் தொழிற்சாலையில் அந்தக் கதவு சிவந்து ஒரு தட்டுத் தூள் கருகிவிட்டது.

"அண்ணை, இரும்பு சூட்டைப் பிடிச்சு வைச்சிருக்குது. எங்களுக்கு விடுற சாமான் வேணும்," என்றார் ஜெயரத்தினம்.

"சூட்ட விடுறதுக்கு நாங்க எங்க சார் பழகினோம்? புடிச்சு வைக்கத்தானே வேலைக்கு வச்சாங்க," என்றார் சின்னராசா.

அடுத்து அலுமினியம். வீட்டுச் சோற்றுப்பானை மூடியில் பாதியை வெட்டி, தகடுகளைப் புத்தகப் பக்கம்போல் அடுக்கிப் பூட்டினார். நாற்பது நிமிடம் ஓடியது. லயத்து வீட்டில் மீதி மூடிக்குக் கீழே விறகில்லாமலே உலை கொதித்தது. "மூடிய வெட்டிப்புட்டு ஒலய மட்டும் கொதிக்க வச்சிருக்காரு மகராசன்," என்று அவர் மனைவி அம்மாக்கண்ணு பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். ஆனால் மூடி மெல்லிசு, தாங்கவில்லை.

கடைசியில் செம்பு. பழைய கொதிகலன் குழாயில் ஒரு சாண் மிச்சமிருந்தது. கைக்குடைச்சலுக்குச் செம்புக் காப்பு போடுவது தோட்டத்து வழக்கம். அதே குழாயில்தான் ஆறு வருடத்துக்கு முன் அம்மாக்கண்ணுவுக்கு ஒரு காப்பு வளைத்துப் போட்டிருந்தார். அது ஒன்றுக்கும் உதவவில்லை. முப்பது வருடம் ஈரக் கொழுந்து பறித்ததில் அவள் விரல்கள் வெளுத்து, மரத்து, இலை எது காம்பு எது என்று தெரியாமல் போயிருந்தன. தேநீர்க் கோப்பையைப் பிடித்தாலும் சுடாது. பறிக்கும் ராத்தல் குறைய, மலையில் வேலை பார்க்கும் மேற்பார்வையாளர் கண்டாக்கு அவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட ஆரம்பித்திருந்தார்.

செம்பைப் பொருத்திய திங்கட்கிழமை கணினி எட்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை அணையாமல் ஓடியது. அவள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அஞ்சாம் நம்பர் மலையில் காப்பு சுட்டது. அம்மாக்கண்ணுவின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேயிலை நிரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அதன்பின் பாடசாலை நாளில் அவள் கைக்கு உயிர் இருந்தது, விடுமுறையில் இல்லை. சின்னராசா பாடசாலைக் கதவுப் பூட்டின் திறப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிறு, தீபாவளி, காய்ச்சல் எதுவும் பார்க்காமல், முழங்கால் வலியோடு மேடேறிக் கணினியைப் போடுவார். சும்மா இருந்தால் அது சூடாகாது என்பதால், ஜெயரத்தினம் முடிவே வராத ஒரு வகுத்தல் கணக்கை அதற்குக் கொடுத்தார். 2007இல் புதுக் கணினிகள் வந்தபோது பழையதை அகற்றச் சொன்னார்கள். 'பாவனையில் உள்ளது' என்று ஜெயரத்தினம் எழுதிக் கையெழுத்திட்டார்.

2009 ஜனவரியில் அம்மாக்கண்ணு நெஞ்சுச் சளியில் போய்ச்சேர்ந்தாள். குளிப்பாட்டிய பெண்கள் காப்பைக் கழற்றப் போனார்கள். சின்னராசா விடவில்லை. தேயிலைக்கு நடுவே புதைத்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் பாடசாலையில் நின்றார்.

"அண்ணை, இனி என்னத்துக்கு?" என்றார் ஜெயரத்தினம்.

"இந்த மாசத்துல மண்ணு எப்படிச் சில்லுன்னு இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாது சார்," என்று சொல்லிவிட்டுக் கணினியைப் போட்டார்.

அந்த வருடம் உறைபனியில் மலை முழுக்கக் கருகியது. அவள் குழியைச் சுற்றிப் பன்னிரண்டு செடி மட்டும் பச்சையாகத் தளிர்விட்டது. இப்போதும் குளிர்காலத்தில், எட்டு மணி தாண்டியதும் பெண்கள் அங்கே ஒருமுறை போய் மண்ணில் கையை வைத்து விரல்களை நீவிக்கொண்டு நிரைக்குத் திரும்புகிறார்கள். கண்டாக்கு அதற்கு ஐந்து நிமிடம் விடுகிறார்.