கூரைக்காக ஒரு பொய்

பிள்ளைகள் எல்லாரும் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுடைய தம்பி போதகர்; ஆதரவில்லாத பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்துவந்தார். சபை வேலையென்று அவர் கிளம்பிவிட்டால் சோறாக்குவது, பேன் பார்ப்பது, படுக்கையை நனைத்தவனைத் திட்டாமல் துடைத்துவிடுவது எல்லாம் இவள் பாடு. வாடகை வீட்டின் இரண்டே அறைகளில் பிள்ளைகள் மூச்சுமுட்டிக் கிடந்தார்கள். அவர்களுக்கென்று ஓர் இல்லம் எழும்பிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுச் சபை ஒன்று கைகொடுத்ததில் சுவர் தலைக்குமேல் வந்துவிட்டது, கூரைதான் பாக்கி. அதை நேரில் பார்த்து முடிவு செய்ய அங்கிருந்து சிலர் வருவதாக இருந்தது.

முதல்நாள் சாயங்காலம் பெரியம்மா வாலுவைக் கூப்பிட்டாள். ஒன்பது வயசு, ஓரிடத்தில் நில்லாததால் அந்தப் பெயர்.

"நாளைக்கு அவங்க முன்னாடி நீதான் பேசணும். எனக்கு யாருமே இல்லன்னு சொல்லு."

"அம்மா இருக்கே, பெரியம்மா?"

"அம்மா இருக்கிற பிள்ளைக்கு இல்லம் எதுக்குன்னு கேட்டுட்டா? ஒரு வார்த்தைதானே, சொல்லிடு கண்ணு."

வாலுவின் அம்மா சித்தாள். எங்கே கட்டட வேலையோ அங்கேயே தகரக் கொட்டகையில் படுக்கை. குடித்துவிட்டுத் தேடிவந்து அடிக்கிற புருஷனுக்குப் பயந்துதான் மகளை இங்கே விட்டிருந்தாள்.

மறுநாள் கூரையில்லாத கூடத்தில் விருந்தாளிகள் உட்கார்ந்தார்கள். போதகர் மொழிபெயர்த்தார். வாலு சொல்லிக்கொடுத்ததற்கு மேலேயே போனாள். "எங்கம்மா செத்துப்போச்சு. தீப்பிடிச்சு செத்துப்போச்சு." வந்தவர்களில் வயதான அம்மாள் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரியம் பலித்தது என்றுதான் பெரியம்மாவுக்கு முதலில் தோன்றியது.

திரும்பினால், கதவு வைக்காத வாசலில், தலையில் சாந்துச் சட்டியோடு வாலுவின் அம்மா. ஆள் குறைகிறதென்று மேஸ்திரி அன்று காலையில்தான் வேறொரு வேலையிலிருந்து அவளைக் கூட்டிவந்திருந்தான். அவள் அப்படியே பின்பக்கம் போய்விட்டாள்.

பெரியம்மா பின்னாலேயே ஓடினாள். "நான்தான்மா அப்படிச் சொல்லச் சொன்னேன். பிள்ளைமேல கோபப்படாதே."

"கோபம் எதுக்குக்கா? கூரை வரணும்ல. அவங்க போறவரைக்கும் நான் இந்தப் பக்கமே நிக்கிறேன்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் பெரியம்மா தாங்கியிருப்பாள். சாந்து அப்பியிருந்த அந்தக் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தாள்.

"தம்பி, இவதான் வாலுவோட அம்மான்னு சொல்லு."

"அக்கா, அப்புறம் பேசிக்கலாம்."

"இப்பவே சொல்லு. பொய் சொல்ல வெச்சது நான்னும் சொல்லு."

போதகர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். வயதான அம்மாள் மெல்ல ஏதோ கேட்டார்.

"நெஜத்தைச் சொன்னா உதவ மாட்டோம்னு ஏன் நெனச்சீங்கன்னு கேக்கறாங்க" என்றார் போதகர்.

அடிக்குப் பயந்து பிள்ளையைப் பிரிந்து கிடக்கிற ஒரு தாயின் கதை பெரியம்மாவுக்குப் போதாமல் போயிருந்தது, அவ்வளவுதான். வாலுவோ அம்மாவிடம் ஓடிவரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அம்மா போய்த் தொட்டபோதும் திரும்பவில்லை.

கூரை வந்தது, ஒரு மழைக்காலம் கழித்து, எத்தனையோ கேள்விகளுக்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமைகளில் வாலுவின் அம்மா மகளைப் பார்க்க வருவாள். "நல்லாயிருக்கீங்களாக்கா?" என்று எப்போதும்போல் சிரித்துக் கேட்பாள். பெரியம்மா அடுப்பில் ஏதோ இருக்கிறதென்று சொல்லி உள்ளே போய்விடுவாள்.