அன்பரசி ஏன் தண்ணீர் குடிக்கவில்லை

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து புளிச்சோற்றை ஒரு வாய் அள்ளுவதற்குள் அட்டெண்டர் வந்து வாசலில் நின்றுவிட்டார். ரெண்டு மணிக்குப் பிரின்சிபால் அறையில் விசாரணைக் கமிட்டி கூடுகிறதாம், மேடம் அவசியம் வர வேண்டுமாம். புஷ்பமேரி தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். அவளுக்கு இது புதிதில்லை.

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகும் சாலையில், தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற தனியார் கல்லூரி அது. அங்கே எது நடந்தாலும் ஒரு கமிட்டி போடுவார்கள். எந்தக் கமிட்டி போட்டாலும் அதில் புஷ்பமேரி பெயர் இருக்கும். வணிகவியல் துறையில் நீண்ட சர்வீஸ், மாணவியர் நலக்குழுப் பொறுப்பு என்று காரணம் சொல்லிக்கொள்வார்கள். உண்மையான காரணம் வேறு. நீட்டிய இடத்தில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறவள் அங்கே அவள் ஒருத்திதான். கேன்டீன் சாம்பாரில் கரப்பான் கிடந்த விஷயமாகட்டும், காலேஜ் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்ட விஷயமாகட்டும், அவள் கையெழுத்திட்ட அறிக்கைகள் எல்லாம் ஒரே வரியில்தான் முடிந்தன. 'இனிவரும் காலங்களில் கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது.' கரப்பானுக்கும் சேர்த்துத்தான் அறிவுரை போலிருக்கிறது.

இந்த முறை விஷயம் பெரியது. பெண்கள் கபடி அணி போன வாரம் அரூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு பயிற்சி ஆட்டம் ஆடித் தோற்றது. தோற்றால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்பது பயிற்சியாளர் மாது சாரின் சட்டம். சித்திரை மாதத்து உச்சி வெயிலில் ஓடிக்கொண்டிருந்த அன்பரசி, கால் பின்னி விழுந்தாள். எழவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நினைவு இல்லை. உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் வரை பாதித்துவிட்டது என்றார் டாக்டர். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். ஆனால் இந்த வருடம் முழுக்க ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் அம்மா கோவிந்தம்மாள் தக்காளித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவள். கல்லூரிக்கு வந்தவள் சத்தம் போடவில்லை, யாரையும் சபிக்கவில்லை. ஓட வைத்ததைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. பிரின்சிபால் அறை வாசலில் நின்றுகொண்டு ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"ஓரத்துல கேன் நெறையத் தண்ணி இருந்துச்சாமே. எம் பொண்ணு ஏங்க குடிக்கல?"

அன்பரசியைக் கேட்டதற்குத் தாகமே எடுக்கவில்லை என்றாள். சித்திரை வெயிலில் தாகமெடுக்காத பிள்ளை ஊரில் ஒன்று உண்டா என்று யாரும் யோசிக்கவில்லை. அவள் அன்றைக்குக் கிருத்திகை விரதம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நிர்வாகத்துக்கு அது தோதாகப் போயிற்று.

தோது என்றால் இப்படி. அன்பரசி விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். ஃபீஸும் கிடையாது, ஹாஸ்டல் கட்டணமும் கிடையாது. தன் கவனக்குறைவால் ஆட முடியாமல் போனவள் என்று கமிட்டி எழுதிவிட்டால் அந்த இலவச இடம் வருகிற ஜூனில் வேறு பெண்ணுக்குப் போய்விடும். அன்பரசி அம்மாவோடு தக்காளி பறிக்கப் போக வேண்டியதுதான். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறவள், புஷ்பமேரியின் வகுப்பில் மூன்றாவது பெஞ்ச். கணக்குப்பதிவியல் நன்றாக வரும் பெண். புஷ்பமேரிக்கு அது மனத்தில் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. உறுத்தலோடு கையெழுத்துப் போட்டுப் பழகியவள் அவள், அதுதான் சங்கடம்.

பிரின்சிபால் பச்சியப்பன் அறையில் ஏ.சி. வேலை செய்யவில்லை. அறிக்கை ஏற்கெனவே டைப் ஆகி மேசைமேல் இருந்தது. விசாரணைக்கு முன்பே அறிக்கை ரெடியாகிற அதிசயம் அந்தக் கல்லூரியில் மட்டும் நடப்பதில்லை என்பதால் அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வாரம் பல்கலைக்கழகப் போட்டி. போன வருடம் வாங்கிய கோப்பையின் படத்தைப் போட்டுத்தான் இந்த வருட அட்மிஷன் நோட்டீஸே அடித்திருந்தார்கள்.

அணியின் மற்ற பதினோரு பெண்களும் பயிற்சியிலிருந்து நேரே வந்து சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். முகமெல்லாம் வெயிலில் கறுத்து, உதடு காய்ந்திருந்தது. பிரின்சிபாலுக்குப் பக்கத்து நாற்காலியில் மாது உட்கார்ந்திருந்தார். கழுத்தில் விசில் தொங்கியது.

"உங்க பி.டி. சாரப் பத்தி யாருக்காவது ஏதாவது குறை இருக்குதாம்மா? பயப்படாம சொல்லுங்க" என்றார் பச்சியப்பன்.

இல்லைங்க சார் என்று பதினோரு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மாது அடக்கமாகச் சிரித்தார். பச்சியப்பன் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, பிள்ளைகள் வெயிலில் வந்திருக்கிறார்கள், தண்ணீர் கொடுங்கள் என்று அட்டெண்டரிடம் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பிறகு குனிந்து அறிக்கையைப் படிக்கத் தொடங்கினார்.

அட்டெண்டர் தட்டு நிறைய டம்ளர் வைத்து எடுத்து வந்தார். வரிசையில் முதலில் நின்றவள் அணித் தலைவி ஜோஸ்வின். அவள் கை தட்டை நோக்கி எழுந்தது, பாதியில் நின்றது, இறங்கிவிட்டது. கண் மட்டும் மாதுவின் பக்கம் போய்வந்தது. மாது செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு அடுத்தவளிடம் போனது. அவளும் அப்படியே. இப்படியே கடைசிப் பெண் வரைக்கும் போய், ஒரு டம்ளர்கூடக் குறையாமல் தட்டோடு நின்றார் அட்டெண்டர். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது மாது தற்செயலாக நிமிர்ந்தார். லேசாகத் தலையசைத்தார். பதினோரு கையும் ஒன்றாகத் தட்டுக்குப் பாய்ந்தன. ஒரே மூச்சில் குடித்தார்கள். ஒருத்திக்குப் புரையேறியது.

புஷ்பமேரிக்குப் புரிந்துவிட்டது. கோவிந்தம்மாள் கேட்ட கேள்விக்கு எதிரிலேயே பதில் நிற்கிறது. கமிட்டியில் அதைப் பார்த்தது தான் ஒருத்தி மட்டும்தான் என்பது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. பார்த்துவிட்டாள். இனிமேல் பார்க்காத மாதிரி இருக்க முடியாது.

அறிக்கை அவள் முன்னால் வந்தது. பேனாவும் வந்தது.

"சார், மாது சார் கொஞ்ச நேரம் வெளிய இருக்கட்டுங்க" என்றாள்.

பச்சியப்பன் அவளைப் பார்த்த பார்வை, இத்தனை வருடம் சும்மா கிடந்த மேசை திடீரென்று வாய் திறந்ததைப் பார்ப்பது போல இருந்தது. மாது எழுந்துகொண்டார். தான் இருந்தாலென்ன, பிள்ளைகள் தன்னிடம் எதையும் மறைப்பதில்லை என்று சிரித்துக்கொண்டே வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. ஆனாலும் பெண்கள் பேசவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே வராந்தாவில் விசில் கயிறு ஆடுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

ஒவ்வொருத்தராகத் தன் துறை அறையில் வைத்துத் தனியாகக் கேட்கிறேன் என்றாள் புஷ்பமேரி. நேரமாகும், பஸ் போய்விடும், கரஸ்பாண்டன்ட் இன்றைக்கே அறிக்கை கேட்கிறார் என்று பச்சியப்பன் அடுக்கினார்.

"அப்ப என் கையெழுத்து இல்லாமலே அனுப்பிடுங்க சார்" என்றாள் அவள். மாணவியர் நலக்குழுப் பொறுப்பாளரின் கையெழுத்து இல்லாமல் அறிக்கை செல்லாது என்பது இருவருக்குமே தெரியும். அவர் பேனாவை மூடினார்.

ஜோஸ்வின் முதலில் வந்தாள். ஒன்றுமில்லைங்க மேடம் என்றே ஆரம்பித்தாள். புஷ்பமேரி தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. ஜோஸ்வின் பாட்டிலைப் பார்த்தாள். அனிச்சையாகக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். தான் திரும்பியதைத் தானே உணர்ந்தவள் போல உடைந்து அழுதாள்.

பிறகு எல்லாம் வந்தது. பயிற்சியின்போது சார் சொல்லாமல் யாரும் தண்ணீர் தொடக் கூடாது. தோற்ற நாளில் ஓடி முடிக்கும்வரை சொட்டுக்கூடக் கிடையாது. யாராவது குடித்துவிட்டால் குடித்தவளுக்குத் தண்டனை இல்லை, மற்ற எல்லோரும் இன்னும் இரண்டு சுற்று ஓட வேண்டும். அதனால் சார் பார்க்காத நேரத்திலும் பெண்களே ஒருத்திக்கொருத்தி காவல். அன்றைக்கு அன்பரசிக்கு நடை தள்ளாடியதை ஜோஸ்வின் பார்த்திருக்கிறாள்.

"நாந்தாங்க மேடம் சொன்னேன், போய்க் குடிச்சுட்டு வாடின்னு. 'நான் குடிச்சா உங்களுக்கு ரெண்டு ரவுண்டு சேரும், ஜெயிச்சப்ப ஒண்ணாதான சாப்புட்டோம்'னு சொல்லிட்டு ஓடுனா. அடுத்த திருப்பத்துல வுழுந்துட்டா."

மற்ற பெண்களும் தனித்தனியாக வந்து அதையேதான் சொன்னார்கள். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்தி மட்டும்தான் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தாள். விரதம் பற்றி யாருக்கும் தெரியவில்லை. அன்பரசி அன்று காலை ஹாஸ்டலில் நான்கு இட்லி சாப்பிட்டிருக்கிறாள்.

மாதுவையும் புஷ்பமேரி கூப்பிட்டுக் கேட்டாள். அவர் எதையும் மறுக்கவில்லை. அதுதான் அவளை அதிகம் வருத்தியது.

"என் மாஸ்டர் என்னைய அப்புடித்தாங்க வளத்தாரு. அதுலதான் நான் ஸ்டேட் ஆடுனேன். இந்தப் புள்ளைங்களுக்கு என் சம்பளத்துல ஷூ வாங்கிக் குடுக்கறேன், மேடம். கேட்டுப் பாருங்க."

"கேட்டேன் சார். எல்லாருமே சொன்னாங்க. நீங்க ஷூ வாங்கிக் குடுத்ததும் நெசம், தண்ணி குடுக்காததும் நெசம். நானும் ரெண்டையும்தான் எழுதப் போறேன்."

மாலை பஸ் போய்விட்டது. புஷ்பமேரி பச்சியப்பனின் அறைக்குத் திரும்பி வந்து தட்டு விஷயத்தைச் சொன்னாள். கல்லூரி பெயர் கெட்டுவிடும், கோப்பை போய்விடும் என்று பேசிக்கொண்டிருந்தவர் அதைக் கேட்டதும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தண்ணி குடுக்கச் சொன்னதே நான்தான மேடம். எனக்கு எதுக்க நின்னு குடிக்காம இருந்திருக்குதுங்க. நான் பாக்கலையே."

டைப் அடித்த அறிக்கையை அவரே எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். புதிய அறிக்கையில் மூன்று விஷயங்கள் இருந்தன. அன்பரசிமேல் தவறில்லை, படிப்பு முடியும்வரை அவள் இடம் அவளுக்கே. மேல்விசாரணை முடியும்வரை மாது மைதானத்துக்கு வரக் கூடாது. இனி விசாரணை என்றால் ஒவ்வொருவரையும் தனியாகத்தான் கேட்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் முன்னால் வைத்துக் கேட்கக் கூடாது. கரஸ்பாண்டன்ட் குதித்தார். பச்சியப்பன் கேட்டுக்கொண்டார், மாற்றவில்லை. வாழ்க்கையில் அவருக்கும் அது புது அனுபவமாகத்தான் இருந்திருக்கும்.

பல்கலைக்கழகப் போட்டியில் அணி இரண்டாவது சுற்றிலேயே தோற்றது. யாரும் மைதானத்தைச் சுற்றி ஓடவில்லை. திரும்பும் வழியில் பிரின்சிபால் செலவில் எல்லோரும் கரும்புச்சாறு குடித்தார்கள். அந்தக் கணக்கை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மறுநாள் அவர் புஷ்பமேரியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தது. பொம்மிடியிலிருந்து ஜெயராணி என்ற புதுப் பயிற்சியாளர் வந்திருந்தாள். ஒரு நாள் மாலை புஷ்பமேரியும் பச்சியப்பனும் மைதானத்து ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது ஜெயராணி விசில் ஊதி, போதும், தண்ணி குடிங்க என்றாள். பெண்கள் கேனுக்கு ஓடிவந்தார்கள். டம்ளரில் பிடித்தார்கள். பிடித்தவர்கள் குடிக்கவில்லை. எல்லோருடைய முகமும் ஒரே சமயத்தில் வேப்பமரத்தடிக்குத் திரும்பியது. மாது வழக்கமாக நிற்கும் இடம் அது. அங்கே யாரும் இல்லை.

இந்த முறை பச்சியப்பன் பார்த்துவிட்டார்.

"ஆளே இல்லையே மேடம். இன்னமும் பாக்குதுங்களே."

"ஆளை அனுப்ப ஒரு ஆர்டர் போதுங்க சார். பயம் அவ்வளவு சுளுவாப் போகாது" என்றாள் புஷ்பமேரி. "குறை இருக்குதான்னு கேட்டமே, இல்லைன்னு பதினோரு பேரும் சொன்னாங்க. அது பதிலே இல்லைங்க. பயந்த புள்ளைங்க வாயில இருந்து நமக்கு வேண்டியத வாங்கிக்கிட்டோம். புள்ளைங்க பயமில்லாம வாயத் தொறக்கற மாதிரி ஒரு எடத்தக் குடுத்துட்டுக் கேக்கணும். அதக் குடுக்காம கேக்கறது, தப்புப் பண்ணவன் பக்கம் நாமளும் போய் நிக்கற மாதிரிதான். நானும் இத்தன வருசம் அங்கதான் நின்னேன்."



மைதானத்து ஓரத்துப் பெஞ்சில், ஆட அனுமதியில்லாமல் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த அன்பரசி எழுந்து வந்தாள். உடம்பு இன்னும் தேறவில்லை. கேனில் ஒரு டம்ளர் பிடித்து, யார் முகத்தையும் பார்க்காமல், நின்று நிதானமாகக் குடித்து முடித்தாள். அதே டம்ளரில் மறுபடியும் பிடித்து, கையில் டம்ளரோடு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஜோஸ்வினிடம் நீட்டினாள்.

"குடிடி. யாரையும் கேக்க வேணாம்."