அழித்த பிறகு ஓடிய தூரம்

கார் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் அண்ணன் பொத்தானை அழுத்தியதும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளும் சிவப்புமாக ஏழெட்டு விளக்குகள் ஒன்றாக எரிந்தன. இஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. வெளியே பூண்டு வயலை விட்டுப் பனி இன்னும் எழும்பவில்லை.

சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, கூரையை மடக்கிக்கொள்ளலாம். சென்னையிலிருந்து விலைக்கு வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க மன்னவனூர் புல்வெளிக்கு வரும் ஜோடிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று ஆனந்த் அண்ணன் நினைத்திருந்தான். கவுஞ்சியில் எங்களுக்கு இருக்கும் வயலில் மேல் அடுக்குகளை அதற்காக ஒத்திக்கு வைத்தோம். அப்பா இல்லாத வீடு, அம்மா பயந்தாள். ஞானவேல் மச்சான் பார்த்துச் சரி என்று சொன்னால் வாங்கலாம் என்று நான்தான் சொன்னேன். நான் வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

ஞானவேல் என் அத்தை மகன். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் கார்களுக்கு வயரிங் பார்க்கும் ஷெட் வைத்திருக்கிறார். தை பிறந்தால் எனக்கும் அவருக்கும் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். காரை விற்ற தரகர் அதை மலையேற்றி நேராக அவர் ஷெட்டுக்குத்தான் கொண்டுவந்தார். நாங்கள் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மச்சான் கோளாறு காட்டும் கருவியைச் செருகிப் பார்த்து முடித்திருந்தார். திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் பச்சை நிறத்தில் ஒரு டிக் மட்டும் இருந்தது.

"ஒரு எரர்கூட இல்ல மாப்ள. கண்ண மூடிட்டு வாங்கு."

ஊருக்கு வந்ததும் அம்மா மாரியம்மன் கோவில் முன்னால் நிறுத்தச் சொல்லி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். காரின் முன்பக்கத்துச் சின்னத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு அவள் சிரிப்பதைப் பார்த்தேன்.

விளக்குகள் எரிந்ததும் அண்ணன் மச்சானுக்குப் போன் போட்டான். எந்தெந்த விளக்குகள் என்று அவர் விசாரித்தார். பிறகு, முன்னால் பொட்டு ஏதும் வைத்தீர்களா என்று கேட்டார். அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான் சென்சார் இருக்கிறது, சந்தனம் அதை மறைத்துவிட்டது, அதனால்தான் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது என்றார்.

அம்மா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். வெந்நீரும் பழைய சேலைத் துணியும் கொண்டுவந்து, மண்டிபோட்டு உட்கார்ந்து, நகத்தால் இடுக்குகளைச் சுரண்டித் துடைத்தாள். சின்னம் கண்ணாடிபோல ஆனது. விளக்குகள் அணையவில்லை. சந்தனம் உள்ளே இறங்கியிருக்கும் என்று மச்சான் சொல்லிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை நிலைப்படிக்குப் பொட்டு வைக்க அம்மா என்னை அனுப்பினாள்.

"நீ வையிடி. என் கை வேணாம்."

அருள்தாஸ் அண்ணன் கொடைக்கானல் மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டை ஏற்றும் ஜீப் ஓட்டுகிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அண்ணன் அவரைக் கூட்டி வந்தான். அவரிடம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கருவி இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் போனில் கோளாறுகளைக் காட்டும். அவர் போனின் திரை நொறுங்கிப்போயிருந்ததால் என் போனைக் கேட்டார். அது மச்சான் போன வாரம் வாங்கிக் கொடுத்த புதுப் போன்.

எண்கள் வரிசையாக வந்து விழுந்தன. முக்கால்வாசி ஒரே மாதிரியானவை. காருக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்திவிட்டன என்று அருள்தாஸ் அண்ணன் சொன்னார். எழவு வீட்டில் ஒருத்தி அழுதால் கூட வந்தவர்களும் அழுவார்கள், முதலில் அழுதது யார் என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கைக்கு அடியில் கையை விட்டார். விரிப்பைத் தூக்கியதும் பழைய குளத்து வாடை வந்தது. வயர்கள் சேரும் இடத்தில் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. மூலையில் வழவழவென்று வண்டல்.

"கப்பல்ல வந்த எங்க ஆளுகளவிட இந்த வண்டி கூடத் தண்ணி பாத்திருக்கு தம்பி" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. வெள்ளத்தில் மூழ்கிய காரைத் துடைத்து நம் தலையில் கட்டிவிட்டான் தரகன், மச்சானையும் ஏமாற்றிவிட்டான் என்று கத்தினான்.

நான் போனைத் தள்ளிக்கொண்டே போனேன். எண்களுக்குக் கீழே, யாரும் கேட்காத ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தது. கோளாறுப் பதிவுகளை அழித்த பிறகு ஓடிய தூரம்: நாற்பத்தொரு கிலோமீட்டர்.

எங்கள் வீட்டிலிருந்து நாயுடுபுரம் நாற்பது சொச்சம். வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வருவதே ஐம்பதுக்கு மேல். தரகர் கீழே எங்கேயாவது அழித்திருந்தால் அந்த வரி தொண்ணூறுக்கு மேல் காட்டியிருக்கும். காரை வாங்கிய பிறகு நாங்கள் அதை வேறெங்கும் ஓட்டவில்லை. நாங்கள் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கோளாறு அப்படியே இருக்கப் பதிவை மட்டும் அழித்திருக்கிறார்கள்.

போனை அண்ணனிடம் நீட்டினேன். அவன் இரண்டு முறை படித்தான். அருள்தாஸ் அண்ணன் தன் கருவியைப் பிடுங்கிக்கொண்டு, சோலி கிடக்கிறது என்று ஜீப்பைக் கிளப்பிப் போய்விட்டார்.

மறுநாள் மச்சான் வந்தார். அம்மா வயலுக்குப் போயிருந்தாள். நான் காருக்குப் பின்னால் நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"மச்சான், இத எங்க வச்சு அழிச்சீங்க?"

அவர் பொய் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். சொல்லியிருக்கலாம்.

"நம்ம கல்யாணத்துக்குத்தான் பிரியா. தரகன் குடுத்தத நான் எனக்குன்னா வச்சுக்கிட்டேன்? ஒன் கையில இருக்கிற போனு எங்கேருந்து வந்துச்சு?"

அண்ணன் அவர் சட்டையைப் பிடித்தான். மச்சான் கையைத் தட்டிவிடவில்லை. மெதுவாகப் பேசினார். போனது போகட்டும், வயரை உலர்த்தி மறுபடி அழித்துவிடலாம், அய்யம்பாளையத்தில் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் மகனுக்கு இப்படி ஒரு வண்டி தேடுகிறார், போட்ட காசு கைக்கு வரும், வயலைத் திருப்பலாம் என்றார். பனி ஈரத்தில் விளக்குகள் மறுபடி எரியும், வெயிலில் வரச் சொல்வோம் என்றார். அவர் பேசப் பேச அண்ணனின் பிடி தளர்ந்தது. கடைசியில் கையை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"அப்ப அழி மாப்ள" என்றான்.

விளக்குகள் அணைந்தன. நான் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அம்மாட்ட மூச்சு விட்றாத. அது ஊரெல்லாம் சொல்லிரும். அப்பறம் எவன் வாங்குவான்? நீ எப்பவும் போல பேசாம இரு" என்றான் அண்ணன்.

அம்மா தன் கையால் வந்தது என்று நம்பிக்கொண்டே இருக்கட்டும் என்கிறான் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மாலையில் அவள் வந்து விளக்குகள் அணைந்திருப்பதைப் பார்த்தாள். மச்சான் இருந்த திசைக்குக் கும்பிட்டாள். நான் செஞ்ச வினைய நீ தீத்துட்ட, நல்லாயிருப்பே என்றாள். மச்சான் அவள் போட்ட டீயை வாங்கிக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். தென்னந்தோப்புக்காரர் வத்தலக்குண்டு மெக்கானிக் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். மகன் காரைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தான். மெக்கானிக் கருவியைச் செருகி, வண்டி சுத்தமாக இருக்கிறது என்றார். மச்சான் மெக்கானிக்கின் முதுகில் தட்டி, மலையில் நான் பார்க்கும் வண்டி வேறெப்படி இருக்கும் என்றார். பெரியவர் முன்பணத்துக்காக மடியை அவிழ்த்தார்.

நான் டீத் தட்டோடு நின்றிருந்தேன். அம்மா தள்ளி, வாசல் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றாள். தன் நிழல்கூடக் காரின் மேல் படாமல் அவள் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது.

"அய்யா" என்றேன். யாரும் திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். "அய்யா, அழிச்ச பெறகு எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு பாக்கச் சொல்லுங்க."

மெக்கானிக் என்னைப் பார்த்தார், பிறகு திரையைக் கீழே தள்ளினார்.

"சைபர்" என்றார்.

அதற்கு அர்த்தம் என்ன என்று பெரியவர் கேட்டார். மெக்கானிக், இங்கேயே வைத்து அழித்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே காருக்குள் குனிந்து விரிப்பைத் தூக்கினார். அண்ணன், அவளுக்கு ஒண்ணும் தெரியாது, பத்தாவதோட நின்னவ என்றான். மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை. புதுப் போனை எடுத்து அவருக்குப் பக்கத்தில் காரின் முகப்பில் வைத்தேன். பெரியவர் மடியை மறுபடி முடிந்துகொண்டார். அவர்கள் வந்த கார் கிளம்பும் வரை போன் அங்கேயே இருந்தது. பிறகு மச்சான் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் பைக்கில் ஏறினார். அண்ணன் என்னை அடிக்கக் கையை ஓங்கி, அடிக்காமல் வயல் பக்கம் நடந்தான். அன்று முழுவதும் அவன் வீட்டுக்கு வரவில்லை.

அம்மா தூணைவிட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். வலது கை விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே என் அருகில் நின்றாள்.

"அப்ப, என் சந்தனத்தால இல்லையாடி?"