ஆற்றுப்பாறையில் ஐந்து காலைகள்

செல்லபாய் பன்னிரண்டு வருடமாகப் பொன்னப்பன் வீட்டில் நெல் அவித்து வந்தாள். செங்கல் கிராமத்துக்கு அப்பால் நெய்யாற்றை ஒட்டிய அந்த ஊரில் பாதித் தோப்பு அவருடையது. 1975, ஆவணி மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை, அவித்த நெல்லை முற்றத்தில் பரப்பிக்கொண்டிருந்தவளை அவர் அருகே கூப்பிட்டார்.

"மோகனன் எழுதியிருக்கான். தாசையனுக்கு விசா சரியாயிட்டு. சார்ஜாவில கெட்டிடப் பணியாக்கும்."

மோகனன் அவர் மகன், சார்ஜாவில் வேலை. தாசையன் செல்லபாயின் கணவன், கொத்தனார். இரண்டு வருடமாக அவன் பேச்செல்லாம் அந்த விசாதான். அவளுக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது.

"பின்னே ஒரு காரியம்" என்றார் பொன்னப்பன். "திங்கக்கிழமை குஞ்சம்மாளுக்க கேசு. உன்னைச் சாட்சிக்கு விளிச்சிருக்காவ. அவ இங்க வந்து மூணு வருசம்தான் ஆச்சு எண்ணு சொன்னாப் போதும். தாசையனுக்கு இது தெரியண்டாம்."

குஞ்சம்மா விதவை, பொழியூரிலிருந்து மீன் சுமந்து வந்து விற்பவள். பொன்னப்பனின் தோப்பில் ஒரு மூலையில் அவள் குடிசை இருந்தது. குடிசையில் நெடுநாளாக இருப்பவர்களுக்குப் பத்து சென்ட் நிலம் சொந்தம் என்று கேரளத்தில் ஐந்து வருடம் முன்பு புதுச் சட்டம் வந்திருந்தது. சட்டம் வந்த பிறகுதான் அவள் வந்தாள் என்று நெய்யாற்றின்கரை நில ஆபீசில் காட்டிவிட்டால் இறக்கிவிடலாம். ஆனால் அந்தக் கூரைக்கு ஓலை சுமந்தவளே செல்லபாய்தான். அப்போது மூத்தவள் வயிற்றில் ஏழு மாதம். மூத்தவளுக்கு இப்போது ஒன்பது வயது.

விசா செய்தி கேட்ட தாசையன் அன்று மாலை நெய்யாற்றின்கரை சந்தையிலிருந்து நீல நிற ரெக்சின் பை ஒன்றோடு வந்தான். பிள்ளைகள் அதன் ஜிப்பை மாறி மாறி இழுத்துப் பார்த்தார்கள். செல்லபாய் அடுப்பிலிருந்து கஞ்சியை இறக்கிவைத்தாள்.

மறுநாள் விடியலில் அவள் ஆட்டுக்குப் புல் அறுக்க ஆற்றங்கரைக்குப் போனாள். கைதை எனும் தாழம்புதர்களுக்குக் கீழே, தண்ணீருக்குள் பாதி இறங்கிக் கிடந்தது ஒரு பெரிய பாறை. அரிவாளை வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். ஜெபிக்கத் தொடங்கினாள். ஆனால் ஒவ்வொரு ஜெபமும் பேரமாகவே முடிந்தது. இதை எனக்குத் தா, அதை மன்னித்துவிடு என்று. அவளுக்கே வெட்கமாக இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தாள்.

இப்படிக் கண்மூடி ஆற்றோரம் தியானம் இருப்பவர்களை அவள் பார்த்ததுண்டு. அது படித்தவர்களுக்கும் சாமியார்களுக்கும் உள்ள காரியம் என்று நினைத்திருந்தாள். அவளுக்கு முறை எதுவும் தெரியாது. தண்ணீர் பாறையைச் சுற்றிப் போகும் சத்தத்தைக் கேட்டாள். மூச்சு வருவதையும் போவதையும் கவனித்தாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. எழுந்து புல் அறுக்கப் போய்விட்டாள்.

வியாழனும் வெள்ளியும் அதே போல. கண்ணை மூடினால் பொன்னப்பனின் முற்றம் வந்தது, குஞ்சம்மாவின் மீன் கூடை வந்தது, நீலப் பை வந்தது. அவள் எதையும் விரட்டவில்லை. வந்தவை சிறிது நேரம் நின்றுவிட்டுப் போயின. சனிக்கிழமை சாரல் மழை. நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு அடித்தது. இம்முறை எழவில்லை. அடிக்கட்டும் என்று அதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓர் அளவுக்குப் பிறகு அது தானே தணிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றின்மேல் பனிமூட்டம் இருந்தது. எதிர்க்கரை தெரியவில்லை. வெகுநேரம் அசையாமல் இருந்தவளுக்கு ஒரு காரியம் தெளிவாகத் தெரிந்தது. தான் பயந்தது பொன்னப்பனுக்கு அல்ல, வேலை போவதற்கும் அல்ல. தாசையனின் முகத்துக்கு. அவனிடம் சொல்லாமல் ஆபீசில் உண்மையைச் சொன்னால் அது அவனுக்குச் செய்யும் வஞ்சனை. முதலில் சொல்ல வேண்டியது வீட்டில்தான். பனி விலகும்வரை அங்கேயே இருந்தாள். எழுந்தபோது கால்கள் மரத்திருந்தன, மனம் நடுங்கவில்லை.

தேவாலய ஆராதனை முடிந்து வந்ததும் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாளைக்கு நான் உள்ளதைத்தான் சொல்லுவேன். உங்களுக்குத் தெரியாமச் செய்ய எனக்கு மனசு வரல்ல."

தாசையன் நீலப் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"ஏட்டி, நம்ம பிள்ளையளை நினைச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். அஞ்சு நாளா அதுதான் பாத்தேன்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ராத்திரி வந்து சாப்பிடாமல் படுத்தான்.

திங்கட்கிழமை அவள் தனியாகப் பஸ் ஏறினாள். ஆபீசு வராந்தாவில் பொன்னப்பன் நின்றிருந்தார். அவளைப் பார்த்துத் தலையசைத்தார். உள்ளே அதிகாரி மலையாளத்தில் கேட்டார், அவள் மலையாளத்திலேயே பதில் சொன்னாள். ஓலை சுமந்ததையும், மூத்தவளின் வயதையும் சொன்னாள். ஓரிடத்தில் நின்று, மூச்சு விட்டுவிட்டு, மீதியைச் சொன்னாள். உள்ளே வந்திருந்த பொன்னப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதத்தில் குஞ்சம்மாவுக்குப் பத்து சென்டும் கிடைத்தது. தாசையனுக்கு என்றிருந்த விசாவில் பொன்னப்பனின் உறவுக்காரன் அப்புக்குட்டன் சார்ஜா போனான். செல்லபாய் செங்கற்சூளையில் மண் சுமக்கப் போனாள். குஞ்சம்மா ஒருநாள் நெத்தோலி மீன் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாசையன் வேலைக்குப் போனான், வந்தான். கூலியைத் தவறாமல் தந்தான். பேச்சு மட்டும் இல்லை. அவளும் அவனை நெருக்கவில்லை.

தை பிறந்தபின் ஒரு மாலை, காட்டாக்கடையில் வேலை முடித்து வந்தவன் கிணற்றடியில் கைகால் கழுவினான். அவள் தண்ணீர் கோரி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நானா இருந்தா மூணு வருசம் எண்ணு சொல்லியிருப்பேன்" என்றான், நிமிராமல்.

அவள் வாளியைப் பிடித்தபடி நின்றாள்.

"உனக்க மேல கோவம் ஒரு வாரம்தான் இருந்துது. பின்னே உன் முகத்தைப் பாக்க வெக்கமாயிட்டு. அதாக்கும் பேசாம, மிண்டாம இருந்தது."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையை எடுத்து அவன் கைகளைத் துடைத்துவிட்டாள். விரலிடுக்கில் சிமென்ட் இன்னும் ஒட்டியிருந்தது.

"வாங்க, கஞ்சி ஆறுது" என்றாள்.